அக்பேகோ நட்ட கல்

மரவள்ளி மாவு வறுக்கிறவளுக்கு அடுப்பை விட்டு எழுந்திருக்க நேரம் இருக்காது. கை ஒரு நொடி நின்றால் மாவு அடிபிடிக்கும், கட்டி கட்டும், சந்தையில் ஒருத்தியும் தொட்டுப் பார்க்க மாட்டாள். அதனால்தான், "யாயிரா, உன் புருஷனைப் புடிச்சிட்டுப் போறாங்கடி!" என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து அலறியபோதும் யாயிரா முதலில் எரிகிற விறகை வெளியே இழுத்துப் போட்டாள். சட்டியை இறக்கினாள். அப்புறம்தான் ஓடினாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் ஓடைக்கரைச் சுங்கக் கொட்டகையில் பாதி ஊர் கூடிவிட்டது. கொட்டகை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு கால், மேலே தகரம், உள்ளே ஒரு பெஞ்சு, வாசலில் இங்கிலீஷ்காரன் கொடி. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, பிரெஞ்சுக்காரன் பக்கம் போகிற வருகிற கூடைகளைக் கிளறிப் பார்ப்பதுதான் காவல்காரன் போவாடுவின் உத்தியோகம். இன்று அவன் உட்காரவில்லை. டவுனிலிருந்து வந்த இரண்டு போலீஸ்காரர்களோடு நின்று வியர்த்துக்கொண்டிருந்தான். அவர்களுக்கு நடுவில் அக்பேகோ, முழங்கால் வரைக்கும் சேறோடு, பிடி விடாத மண்வெட்டியோடு.

"என்ன செஞ்சீங்க?" என்றாள் யாயிரா.

"ஒண்ணும் செய்யல. கல்லைத்தான் நிமித்தி வெச்சேன்."

"எந்தக் கல்லை?"

"நேத்து சொன்னேனே. சேவல் அறுத்தமே, அந்தக் கல்லு."

அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. நேற்று அவன் சொன்னபோது அவள் சேவலைப் பற்றித்தான் சண்டை பிடித்தாள். அடைகாக்கிற கோழிகளுக்குத் துணையாக வைத்திருந்த சிவப்புச் சேவல் அது. கல்லைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

ஹொலுகோப்பே ஊரில் அந்தக் கல்லைத் தெரியாதவர் கிடையாது. ஜெர்மன்காரன் சண்டையில் தோற்ற பிறகு இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அவன் ஆண்ட நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டு, சங்கிலி பிடித்து அளந்து ஓடைக்கரையில் நட்டுவிட்டுப் போன சிமெண்டுக் கல். இடுப்பு உயரம் இருக்கும். ஒரே ஊர், ஒரே பேச்சு, ஒரே சாமி, ஓடைக்கு அந்தப் பக்கம் கொடுத்த பெண், இந்தப் பக்கம் எடுத்த பெண். கல் நட்ட நாளிலிருந்து அந்தப் பக்கம் வேறு தேசம். யாயிரா அந்தப் பக்கத்துப் பெண். அவள் அண்ணன் காமெலியின் நிலம் ஓடையைத் தாண்டி இந்தக் கரையிலும் கொஞ்சம் நீண்டு கிடந்தது. அந்தத் துண்டு முடிகிற இடத்தில், அப்பா காலத்தில் எல்லைக்கு நட்ட வாள் இலைச் செடிகள் வரிசையாக நிற்கும். அதற்கு அப்பால் அக்பேகோவின் கிழங்குக் காடு. சர்க்கார் யாரையும் கேட்காமல் சுங்கக் கொட்டகையைப் போட்டிருந்தது காமெலியின் அந்தத் துண்டில்தான்.

அந்த வாரம் முழுக்க விடாத மழை. ஓடை கரையைக் கடித்துத் தின்றுகொண்டே வந்து, ஒருநாள் கல்லையும் பேர்த்துப் போட்டுவிட்டது. கிழங்கு மேடு கரைந்துவிட்டதா என்று பார்க்கப் போன அக்பேகோவின் கண்ணில், மணலில் குப்புறக் கிடந்த கல் பட்டது. அந்த ஊரில் விழுந்த எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார மாட்டார்கள். வாசலில் பிணத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிற மாதிரி அது. யார் கல், எதற்கு நட்ட கல் என்றெல்லாம் அக்பேகோ யோசிக்கவில்லை. அக்கரையில் நின்ற மச்சானைக் கூவி அழைத்தான். காமெலி ஓடையில் இறங்கி வந்தான். போவாடு மழைக்குப் பயந்து ஊருக்குள் சாப்பாட்டுக்கடையில் முடங்கியிருந்தான்.

கல் நின்ற கரையைத்தான் தண்ணீர் கொண்டுபோய்விட்டதே, எங்கே நடுவது? எல்லைக்கல் என்றால் எல்லையில் நிற்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரே மனதாக முடிவுகட்டினார்கள். தோளில் தூக்கிக்கொண்டு போய் வாள் இலைச் செடிகளின் வரிசையில் நட்டார்கள். காமெலி காய்ச்சிய பனஞ்சாராயத்தைக் கல்லின் தலையில் ஊற்றி, சேவலை அறுத்து, அங்கேயே சுட்டு ஆளுக்கொரு தொடை தின்றுவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

இன்று காலையில் பிரெஞ்சுப் போலீஸ்காரன் வந்தான். கல்லைப் பார்த்தான். கொட்டகையைப் பார்த்தான். கொட்டகை கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றது. "எங்க தேசத்துல உனக்கு என்னய்யா வேலை?" என்று போவாடுவைக் கேட்டான். போவாடு முதலில் சிரித்தான். பிறகு அவனும் கல்லைப் பார்த்தான். டவுனுக்கு ஆள் ஓடியது, போலீஸ் வந்து பக்கத்துக் கிழங்குக் காட்டில் மண்வெட்டியோடு நின்ற அக்பேகோவைப் பிடித்தது.

தையற்காரன் லூமொருக்குச் செய்தி எட்டியபோது, கால்சட்டை ஒன்றைப் பாதி தைப்பிலேயே விட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடி வந்தான். இரண்டு பக்கத்து ஜனமும் ஒன்றாக வேண்டும் என்று பாடுபடுகிற கட்சிக்கு ஊரில் அவன்தான் காரியதரிசி. "அக்பேகோ கல்லைப் புடுங்கிட்டான்யா! நாம பேசிக்கிட்டே இருந்தோம், அவன் செஞ்சு காட்டிட்டான்!" என்று கத்தினான். அக்பேகோ திருத்துவதற்கு வாயைத் திறந்தான். அதற்குள் ஜனம் கைதட்டியது. திறந்த வாயை அவன் மெதுவாக மூடிக்கொண்டதை யாயிரா பார்த்தாள்.

மறுநாள் அவள் களி கிண்டி, வெண்டைக்காய்க் குழம்பில் புகைமீன் போட்டு, கோக்கோ மூட்டை ஏற்றிய லாரியில் தொற்றிக்கொண்டு டவுன் லாக்கப்புக்குப் போனாள். உள்ளே அக்பேகோ மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். கூட அடைபட்டிருந்த திருட்டுச்சாராயக்காரர்கள் அவனுக்கு நல்ல பாயாகப் பார்த்து விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

"பாட்டுக் கேட்டியா?" என்றான் முதல் வார்த்தையாக.

"எந்தப் பாட்டு?"

"என் பேர்ல கட்டியிருக்காங்களாமே. 'அக்பேகோ கைவெச்சான், கோடு ஆடிப்போச்சு'ன்னு. லாரிக்காரன்கூடப் பாடிக்கிட்டுப் போறான்."

"நம்ம வீட்டு வாசல்லயேதான் பாடுறாங்க. குழந்தை எனாம் தூங்க மாட்டேங்குறா."

"நல்லாருக்கா?"

"எது?"

"பாட்டுதான்."

யாயிராவுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஊர்க்கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேச முறை வருவதற்குள் கூட்டம் கலைந்துபோகிற மனுஷன் அவன். பாவமாக இருந்தது.

"மெட்டு நல்லாத்தான் இருக்கு. சாப்பிடுங்க."

அவன் களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தான். "லூமொர் வந்திருந்தான். ஐ.நா. சபைக்காரங்க வர்றாங்களாம். அதுக்கு முந்தி துரை கல்லுகிட்ட வெச்சு விசாரிப்பாராம். அப்ப நான், 'ஆமா, புடுங்கினேன், இந்தக் கோட்டை நாங்க ஒத்துக்க மாட்டோம்'னு சொல்லணுமாம். உலகம் பூரா கேக்கும்ங்கிறான்."

"நீங்க புடுங்கலையே. நட்டீங்க."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். எங்க அண்ணனுக்குத் தெரியும். என் சேவலுக்குத் தெரியும்."

"சேவலை விடமாட்டியா நீ?"

"ரெண்டு வருஷம் போடுவாங்கன்னு வாசல்ல போலீஸ்காரன் சொல்றான். கடலோர ஜெயில்ல கல் உடைக்கணுமாம்."

"நாட்டுக்காக ரெண்டு வருஷம் என்ன..."

இப்போது கோபம் வந்தது. "நாட்டுக்காகவா? யார்கிட்டப் பேசுறே? எங்கம்மா செத்தப்ப அந்தக் கொட்டகையில அக்கரை போற சீட்டுக்கு நின்னவ நான். மண்ணு மூடினப்புறம் போய் விழுந்து அழுதவ நான். அந்தக் கோடு ஒழியணும்னு உன்னைவிட நூறு மடங்கு எனக்கு ஆசை. ஆனா நட்ட கல்லைப் புடுங்கினேன்னு சொல்லிட்டு நீ ஜெயிலுக்குப் போனா, கோடும் அங்கயேதான் இருக்கும். நீதான் இருக்க மாட்டே!"

அக்பேகோ பாத்திரத்தை வழித்து நக்கிவிட்டு, "குழம்புல உப்புக் கம்மி" என்றான். யாயிரா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

ஊருக்கு வந்து நேராக லூமொர் கடைக்குப் போனாள். மிதி இயந்திரத்தில் அவன் பெரிய வெள்ளைத் துணி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தான். சபைக்காரர்கள் பார்க்கப் பிடிக்கிற பதாகை. கெட்டவன் இல்லை லூமொர். அவன் தம்பி அக்கரையில் வீடு கட்டி ஐந்து பிள்ளை பெற்றுவிட்டான். இவன் அதில் இரண்டைத்தான் பார்த்திருக்கிறான்.

"வா யாயிராக்கா. உன் வீட்டைப் பத்திக் கவலையே வேணாம். கட்சி பாத்துக்கும்."

"கட்சி வந்து கிழங்கு துருவுமா? மாவு வறுக்குமா?"

"என்னக்கா, போன ஊர்வலத்துல கொடி புடிச்சு முன்னால நின்னவ நீ. நீயே இப்படிப் பேசலாமா?"

"இனிமேயும் நிப்பேன். உன்னைவிட உரக்கக் கத்துவேன். ஆனா அந்த மனுஷன் கல்லை நட்டுட்டு வந்திருக்கார்ப்பா. உனக்கே தெரியும்."

லூமொர் நூலைப் பல்லால் கடித்தான். "தெரியும். தெரிஞ்சு என்ன செய்யச் சொல்றே? வருஷக்கணக்கா மனு போட்டு மனு போட்டுக் கை தேஞ்சுபோச்சு. ஒருத்தனும் காதுல வாங்கல. இப்பத்தான் ஜனம் எழுந்து நிக்குது. ஒரு ஆள் உள்ள போனாத்தான் வெளியில இருக்கிறவன் முழிப்பான்க்கா."

"அப்ப நீ போ."

"எனக்குத் தையல் நிறையக் கிடக்கு" என்றான் லூமொர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மூன்று நாள் கழித்து விசாரணை என்று போவாடு தண்டோரா போட்டான். யாயிரா நனைந்த மரவள்ளித் துருவலைச் சாக்கில் கட்டி, அதன்மேல் கல்லை ஏற்றித் தண்ணீர் வடிய வைத்துவிட்டு, ஓடையில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர், கலங்கல். போவாடு பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொட்டகை எந்தத் தேசம் என்று தீர்மானமாகிற வரைக்கும் அவனுக்கு யாரையும் மறிக்கத் தைரியமில்லை.

காமெலி வெட்டிச் சாய்த்த பனையின் நெஞ்சில் குழி தோண்டி, கள் வடிகிற குடுவையைச் செருகிக்கொண்டிருந்தான். குரல் கேட்டும் நிமிரவில்லை.

"அண்ணே, துரை கல்லுகிட்ட விசாரிக்கப் போறாராம். நீ வரணும்."

"வந்தா? சேர்ந்து நட்டவன்னு என்னையும் தூக்கிப் போடுவான். அவன் விட்டா எங்க பக்கத்து ஆள் புடிச்சுக்குவான். ரெண்டு சர்க்காருக்கு ஒரு மாட்டை அறுத்த மாதிரி ஆயிடும்."

"பேச வேணாம். சும்மா வந்து நில்லு. அவரு கண்ணுல படுற மாதிரி."

காமெலி நிமிர்ந்தான். "அவன் பொய் சொல்லப் போறானா?"

"பாட்டுக் கட்டிட்டாங்க அண்ணே."

காமெலிக்குச் சிரிப்பு வந்தது. கத்தியைப் பனையில் குத்திவிட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பு தானாக வற்றியது. ஒரே சேவலின் இரண்டு தொடையையும் கல்லடியில் உட்கார்ந்து தின்ற இருவர், அந்தக் கல்லைப் பற்றி ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் பொய் பேசக் கூடாது. பேசினால் பிள்ளை தங்காது. ஹொலுகோப்பேயில் கொலைக்குக்கூடப் பொய்ச்சாட்சி கிடைக்கும், கல்லுக்குக் கிடைக்காது.

"எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு அண்ணே" என்றாள் யாயிரா. "எனக்கு அவளும் வேணும், அவரும் வேணும்."

"பார்க்கலாம்" என்றான் காமெலி. அதற்குமேல் அவள் எவ்வளவு கெஞ்சியும் அவன் வேறு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து, வடிந்த மாவைச் சலித்து, வறுத்துக்கொண்டே அழுதாள். புகை என்று எனாமிடம் சொன்னாள்.

விசாரணையன்று தூறல். இங்கிலீஷ் துரை ஜீப்பில் வந்தார். அந்தப் பக்கத்திலிருந்து பிரெஞ்சுத் துரை குதிரையில் வந்தார். கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. சுற்றிலும் ஜனம், லூமொரின் பதாகை, பாட்டு. அக்பேகோவைக் கைவிலங்கோடு ஜீப்பிலிருந்து இறக்கியபோது பாட்டு இரண்டு மடங்கானது. அவன் முகம் கழுவி, நெஞ்சை நிமிர்த்தி, யாரோ கொடுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். யாயிரா அவனைப் பார்க்கவில்லை. ஓடையைப் பார்த்தாள். அங்கே ஒரு தலையும் தெரியவில்லை.

துரை பேசினார். துபாஷி அதை ஊர்ப்பேச்சில் உரக்கச் சொன்னான்: "சர்க்கார் எல்லைக்கல்லைப் புடுங்கினதா உன்மேல குற்றம். என்ன சொல்றே?"

கூட்டம் அடங்கியது. அக்பேகோ லூமொரைப் பார்த்தான். லூமொர் தலையை ஆட்டினான். அக்பேகோ தொண்டையைச் செருமிக்கொண்டான். "துரை அவர்களுக்கும் உலகத்துக்கும் நான் சொல்றது என்னன்னா..."

"வழி விடுங்கப்பா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

காமெலி. நெஞ்சு வரைக்கும் நனைந்து, தலையில் கள் குடுவையோடு. யாரையும் பார்க்காமல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, குடுவையை இறக்கி வைத்துவிட்டு, கல்லுக்குப் பக்கத்தில் மச்சானுக்கு நேரெதிரே நின்றான். வாயைத் திறக்கவில்லை.

அக்பேகோவின் நெஞ்சு காற்றுப் போனது மாதிரி உள்ளே போனது. மச்சானைப் பார்த்தான். அப்புறம், வந்ததிலிருந்து முதல்முறையாக யாயிராவைப் பார்த்தான். அவள் இடுப்பில் எனாம் விரல் சப்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றே?" என்றான் துபாஷி மறுபடி.

"புடுங்கலீங்க" என்றான் அக்பேகோ. குரல் பழைய குரல்தான், கடைசி வரிசைக் குரல். "கல்லு வெள்ளத்துல விழுந்து கிடந்துச்சு. நானும் மச்சானும் தூக்கி நட்டோம். விழுந்த எல்லைக்கல்லை எப்படிங்க பாத்துட்டு வர்றது?"

"நட்டானாமே!" என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். ஒருத்தன் காறித் துப்பினான். பதாகையின் ஒரு முனை தரையில் புரண்டது, லூமொர் உட்கார்ந்துவிட்டான். யாயிராவுக்கோ, தலையில் ஏற்றிய மூட்டையை யாரோ இறக்கினது மாதிரி இருந்தது. துப்பினால் துப்பட்டும். துடைத்துக்கொள்ளலாம்.

துரை இரண்டு முறை கேட்டார், துபாஷி இரண்டு முறை சொன்னான். துரையின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. சபைக்காரர்கள் வருகிற நேரத்தில் கலகக்காரன் ஒருவனை ஜெயிலில் வைத்துக்கொள்வது அவருக்கும் தலைவலிதான். "சர்க்கார் கல்லைப் பாதுகாத்தவனையா பிடித்துவந்தீர்கள்?" என்று போலீஸ்காரர்கள்மேல் பாய்ந்தார். விலங்கைக் கழற்றச் சொன்னார். "சரி, இனி இதை எடுத்துப் பழைய இடத்திலேயே நட்டுவிடு" என்றார்.

"பழைய இடம் இல்லீங்களே" என்றான் அக்பேகோ மணிக்கட்டைத் தடவிக்கொண்டு.

"இல்லையென்றால்?"

"ஓடையோட போச்சுங்க. இப்ப அங்க தண்ணிதான் ஓடுது."

இதைக் கேட்டதும் பிரெஞ்சுத் துரை மீசையைத் தடவினார். கல் இங்கேயே இருக்கட்டும், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்றார். இங்கிலீஷ் துரைக்கு முகம் சிவந்தது. இருவரும் எழுந்து நின்று, ஆளுக்கொரு பாஷையில் பேசினார்கள். துபாஷி எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தான். வரைபடத்தை விரித்தார்கள், தூறல் விழுந்து மை ஊறியது. கடைசியில், அளவைக்காரர்கள் வருகிறவரை தப்பான இடத்தில் கல் நிற்பதைவிட கல்லே இல்லாமலிருப்பது மேல் என்று முடிவாயிற்று.

"துரை உத்தரவு! கல்லைப் புடுங்கணும்!" என்றான் துபாஷி.

போலீஸ்காரர்கள் போய்க் கை வைத்தார்கள். "தொடாதீங்க!" என்று மச்சான்கள் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நட்டவர்கள்தான் எடுக்க வேண்டும், சேர்ந்துதான் எடுக்க வேண்டும். காமெலி குடுவையிலிருந்து கல்லின் தலையில் கொஞ்சம் கள் ஊற்றி ஏதோ முணுமுணுத்தான். இருவரும் குனிந்தார்கள். ஈரமண், இறுகப் பிடித்திருந்தது. "இந்தா மச்சான், தூக்கு! அங்கதான், அப்படித்தான்!" வெள்ளைச் சட்டை முதுகில் கிழிந்தது. கல் ஒரு பக்கம் ஆடி, மறுபக்கம் ஆடி, சளக்கென்று வெளியே வந்தது. மல்லாக்கக் கிடத்தினார்கள்.

இரண்டு துரைமார் பார்த்துக்கொண்டிருக்க, போலீஸ் காவலில், எல்லைக்கல் தரையில் கிடந்தது. லூமொர்தான் முதலில் எழுந்தான்.

"அடேய்! சர்க்கார் உத்தரவுலயே புடுங்கியாச்சுடா!"

எழுந்த சத்தத்தில் பிரெஞ்சுத் துரையின் குதிரை மிரண்டது. காறித் துப்பினவனே அக்பேகோவைத் தோளில் தூக்கினான். பாட்டு மறுபடி கிளம்பியது. இந்த முறை 'கைவெச்சான்' என்ற இடத்தில் காமெலியின் பெயரையும் செருகினார்கள், மெட்டில் இடிக்கத்தான் செய்தது. கூடைக்காரிகள் நாலைந்து பேர் சமயம் பார்த்து ஓடையில் இறங்கிவிட்டார்கள். துரைமார் தங்கள் தங்கள் வண்டியையும் குதிரையையும் தேடிப் போனார்கள்.

யாயிரா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்பேகோ தோளிலிருந்து இறங்கி, கிழிந்த சட்டையோடு அவள் பக்கத்தில் வந்து குந்தினான். எனாம் அவன் காதைப் பிடித்து இழுத்தாள்.

"கோவமா?" என்றான்.

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றாள். சொல்லும்போதே அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவன் கையை அவள் விடவில்லை.

கூட்டம் கலைந்த இடத்தில் போவாடு தனியாக நின்றான். கொட்டகையைப் பார்த்தான், கிடக்கிற கல்லைப் பார்த்தான், ஓடையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தபடி அவர்களிடம் வந்தான்.

"எல்லாம் சரி. துரை ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாரு. இப்ப நான் எங்கதான் நிக்கிறது?"

யாயிரா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வேணும்னாலும் நில்லுப்பா. எல்லாம் எங்க அண்ணன் நிலம்தான்."